திரைக்கு இந்தப் பக்கம் இருவர்

பல் டாக்டரைப் பார்க்கப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டு ரயிலேறியவள், பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றின் தேர்வு நடக்கும் கட்டடத்துக்குள் நுழைந்தாள். கிளாரினெட் வாசிப்பவளுக்குப் பல்வலி என்றால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில் அவிழ்த்துவிட்ட பொய்.

அவள் இருந்தது ஒரு சின்னக் குழுவில். தந்தி வாத்தியக்காரர்கள் நான்கு பேர், கூட இவள். முதல் வயலின்காரர் வைத்ததுதான் சட்டம். ஒத்திகைக்குத் தாமதமாக வருபவர்களைக் கண்ணாலேயே பொசுக்குவார் என்பதால் அவருக்கு ‘ஹெட்மாஸ்டர்’ என்று பெயர். செல்லோ வாசிப்பவர் இவளுடைய அக்கா கணவர். குழுவில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நாளாகவே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்து என்ன என்று மனம் அலைபாயும்.

கிளாரினெட்டின் வாயில் பொருத்தும் ரீடை நாக்கில் ஈரப்படுத்தியபடி நடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். கடைசி அறையிலிருந்து செல்லோ கேட்டது. மேல் ஸ்வரத்துக்கு ஏறும் முன் சின்னத் தயக்கம், பிறகு மூக்கால் பலமாக ஒரு மூச்சு. அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். கதவைத் தள்ளினாள்.

அத்தான் வில்லைப் பிடித்தபடி விழித்தார்.

“உனக்குப் பல்வலின்னு உங்க அக்கா சொன்னாளே?”

“நீங்க செல்லோவுக்குத் தந்தி வாங்கப் போயிருக்கறதா சொன்னா.”

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

தேர்வாளர்கள் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ஆள் தெரியாது, வாசிப்பு மட்டும் கேட்கும். மாலையில் முடிவு வந்தது. அவளுக்கு இடம் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை.

திரும்பும் ரயிலில் அத்தான் செல்லோப் பெட்டியை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு ஜன்னலையே பார்த்தார்.

“நான் வந்ததை வீட்ல சொல்லாத. உன் விஷயத்தை சொல்லு, உங்க அக்கா சந்தோஷப்படுவா.”

“கஷ்டமா இருக்கா அத்தான்?”

“இல்லாம இருக்குமா? ஆனா நான் போயிருந்தா ஹெட்மாஸ்டர் கடைய மூட வேண்டியதுதான். செல்லோ இல்லாம என்ன பண்ணுவாரு?”

“நான் போனா?”

அவர் செல்லோப் பெட்டியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

மறுநாள், திட்டு வாங்கத் தயாராகத்தான் ஹெட்மாஸ்டரிடம் போனாள். அவரோ வயலினைத் துடைத்துக்கொண்டே, “தாராளமா போம்மா. நாங்க நாலு பேரு வாசிக்கறதுக்கு எவ்வளவோ கிடக்கு,” என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். அவளுக்குச் சுருக்கென்றது. தடுத்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது போயிருக்கலாம்.

ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தாள். பெரிய மேடை அவளுக்குப் பிடித்திருந்தது. எல்லோரும் சேர்ந்து ஒலிக்கும்போது தரையே உடம்புக்குள் ஏறுவது போலிருக்கும். ஆனால் தன் முறை வரும்வரை நெடுநேரம் சும்மா உட்கார வேண்டும். அதுதான் அவளுக்குக் கைவராத வித்தை.

“காலை ஆட்டாதீங்க, பலகை அதிருது,” என்றாள் பக்கத்துப் புல்லாங்குழல்காரி, உதடு அசையாமல்.

காலை நிறுத்தினாள். இடைவேளை வரை பொறுத்திருந்து கேட்டாள்: “உங்களுக்கு ஞாயித்துக்கிழமைல என்ன வேலை? சின்னதா நாலஞ்சு பேர் சேர்ந்து வாசிக்கலாம்னு பாக்கறேன்.”

புல்லாங்குழல்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “வந்து ஒரு மாசம்கூட ஆகலையே?”

“ஆகலதான்,” என்றாள் அவள். “யாரையெல்லாம் கேக்கலாம், சொல்லுங்க.”