ஒருமனதாக

நூலகப் பொன்விழாவுக்கு மிகச் சிறந்த நாவலாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மூன்று பேர்: தலைமையாசிரியர், வக்கீல், நூலகரான நான். பத்தே நிமிடத்தில் ஒருமனதாக முடித்தோம்.

"அவரை விட்டா ஆளே இல்ல. அந்தப் பெரிய நாவலை அஞ்சு தடவை படிச்சிருக்கேன்," என்றார் தலைமையாசிரியர்.

"நான் அழுதே தீர்த்துட்டேன்," என்றார் வக்கீல்.

நானும் சும்மா இருக்கவில்லை. கடைசி அத்தியாயம் மாதிரி யாராலும் எழுத முடியாது என்று அளந்துவிட்டேன்.

தலைமையாசிரியர் எழுத்தாளருக்குப் போன் போட்டார். விழாவில் வாசிக்க ஒரு பக்கம் தேடி நான் நாவலை எடுத்து வந்தேன். ஊரில் இருப்பதே அந்த ஒரு பிரதிதான். பைண்டிங்கில் ஓரம் வெட்டாமல் விட்டிருந்தார்கள்; ஒட்டிய தாள்களைக் கத்தியால் பிரித்தால்தான் படிக்க முடியும். நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு ஒரு தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

வக்கீல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். தலைமையாசிரியர் போனை என் கையில் திணித்தார்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. அதுல உங்களுக்கு எது பிடிச்சுது?" மறுமுனையில் கிழவரான எழுத்தாளர் கேட்டார்.

என் வெட்கங்கெட்ட வாய் முந்திக்கொண்டது. "கடைசி அத்தியாயம் ஐயா."



"முப்பது வருஷமா யார்கிட்டயாவது கேக்கணும்னு இருந்தேன். அவளைச் சாகடிச்சது சரிதானா தம்பி?"

ஒட்டியிருந்த தாள்களின் இடுக்கில் கண்ணை விட்டுத் தேடினேன். அவள் யாரென்றே தெரியவில்லை.