அத்தி ஈக்குள் இருந்த துண்டு

1

செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால். பிரேசிலின் போர்த்தோ அலெக்ரி நகரில், ஈக்களை வளர்த்து ஆராயும் எங்கள் கூடத்தின் கதவை நான் திறந்தபோது ஜுசாரா அழுதுகொண்டிருந்தாள்.

[இல்லை. அவள் அழுகிறவள் அல்ல.]

ஜுசாரா ஒரு தூரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயங்கிய ஈக்களை இனம் பிரித்துத் தள்ளும் தூரிகை. இந்தக் கதை அதிலிருந்துதான் எனக்குக் கிடைத்தது.

2

ஒரு துண்டு டி.என்.ஏ. சில சமயம் ஓர் இனத்தை விட்டு இன்னோர் இனத்துக்குத் தாவிவிடும். தாயிடமிருந்து பிள்ளைக்கு அல்ல, பக்கத்து வீட்டுக்கு. இரண்டு இன ஈக்களையும் ஒரே சிற்றுண்ணி கடித்திருக்கலாம் என்பார்கள். நேரில் பார்த்தவர் இல்லை.

முதுகில் வெள்ளைக் கோடுகள் உள்ள அத்தி ஈ கடல் தாண்டி பிரேசிலுக்கு வந்தது. உள்ளூர்ப் பழ ஈயின் துண்டு ஒன்று அதற்குள் எழுத்து மாறாமல் இருப்பதை ஜுசாரா கண்டாள். முனைவர் பட்டத்துக்கு அவளிடம் இருப்பது அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு.

செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு அவன் படகில் ஏறினான்.

[மேலே உள்ள வாக்கியம் நான் கைவிட்ட வேறொரு கதையுடையது. எதையோ வெட்டி ஒட்டும்போது கூடவே வந்துவிட்டது. அது தானாக வந்ததா, என் கை அசுத்தமா? ஜுசாராவின் கேள்வியும் இதுதான். வாக்கியம் இருக்கட்டும்.]

3

பக்கத்து மேசைக்காரன் எவாந்த்ரோ, மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் குடுவையோடு உள்ளே வந்தான். அவன் வளர்ப்பது உள்ளூர் ஈக்களை.

“என்னடி, பொணத்தப் பாத்த மாதிரி நிக்கிற?”

“என் தூரிகையில ஒரு ஈக்கால் சிக்கியிருக்கு. முள்ளில்லாத முன்னங்கால். அத்தி ஈயோடது இல்ல.”

அவன் குடுவையைக் கீழே வைத்தான்.

“என்னோடது தொலஞ்சு போச்சு. உன்னோடத எடுத்துக்கிட்டேன்.”

“எப்பலேருந்து?”

“குளிர்காலத்துலேருந்து.”

“துடைச்சியா?”

“உன் தூரிகையத் துடைக்கறதா? நாம என்ன அசலாரா?”

“இது மாத்தே இல்லடா, மடையா. உன் ஈயோட டி.என்.ஏ.தான் என் ஈயில ஒட்டியிருக்கோ என்னவோ.”

இந்த ஊரில் மாத்தேக் குழாய் வாய்க்கு வாய் போகும். அடுத்தவர் அதைத் துடைத்துவிட்டுக் குடித்தால் முகத்தில் துப்பியதற்குச் சமம்.

எவாந்த்ரோவைக் கெட்டவனாக்கி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். பொறாமைக்காரன், வேண்டுமென்றே அந்த ஈக்காலைத் தூரிகையில்— அந்தப் பத்தி நிற்கவில்லை. ஜுசாராவின் அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது அவளுடைய புட்டிகளுக்கெல்லாம் தீனி போட்டவன் அவன்.

4

தூரிகை படாத ஈக்கள் சில இருந்தன. கோடையில் சந்தை அத்திப்பழங்களில் ஜுசாரா பிடித்து, புட்டியிலிருந்து நேராக எரிசாராயத்தில் கொட்டியவை. புதன்கிழமை முழுக்க இருவரும் அவற்றை அரைத்தார்கள், டி.என்.ஏ.யைப் பெருக்கினார்கள், ஜெல்லில் ஓடவிட்டார்கள். துண்டு இருந்தால் விளக்கொளியில் ஒரு கோடு தெரியும்.

முடிவு ஒன்று: ஜெல்லில் கோடு ஒளிர்கிறது. துண்டு உண்மையிலேயே தாவியிருக்கிறது.

முடிவு இரண்டு: கோடு இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை.

முடிவு மூன்று: கோடு மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று— (கோழைத்தனம். விடுங்கள்.)

எனக்கு முதல் முடிவுதான் வேண்டும். அதனால்தான் அதை நான் எழுதக்கூடாது. நீங்கள் பாருங்கள், உங்கள் கை எதையும் தொடவில்லை.

ஜெல் விளக்குப் பெட்டியின்மேல் இருக்கிறது. அறை இருட்டாக்கப்பட்டிருக்கிறது. ஜுசாராவின் விரல் சுவிட்சில். எவாந்த்ரோ கதவருகே நின்றபடி கேட்கிறான்:

“கோடு இல்லன்னா, நான் இங்கயே நிக்கட்டுமா, போயிடட்டுமா?”