கண் காட்டப் போன யோகமலர்

1999ஆம் ஆண்டு மே மாதம் யோகமலர் தான் வேலை செய்த திருகோணமலை அரசாங்கக் கச்சேரியில் பன்னிரண்டு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தபோது, காரணம் என்ற இடத்தில் ‘கொழும்பில் கண் வைத்தியம்’ என்று போட்டாள். நாள் முழுக்கத் தட்டெழுத்து அடிக்கிறவளுக்குக் கண் பழுதாவது நியாயம்தானே என்று ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. உண்மையில் அவள் போக இருந்தது துனீசியாவுக்கு. அங்கே மஹ்தியா என்றொரு கடற்கரைப் பட்டினத்தில் தன் புருஷனைச் சந்திக்க.

புருஷன் பெயர் நேசதுரை. இரண்டு பேருக்கும் ஊர் நிலாவெளி. 1990 மாசியில் கல்யாணம் நடந்தது. ஆனியில் சண்டை மூண்டு சனம் காட்டுக்குள்ளும் கடலுக்குள்ளுமாக ஓடியபோது, நேசதுரை வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து என்னென்னவோ வழியால் பாரிஸ் போய்ச் சேர்ந்தான். நாலு மாதம் ஒன்றாக இருந்தவர்கள் ஒன்பது வருஷம் கடிதத்திலும் தொலைபேசியிலும் குடும்பம் நடத்தினார்கள். அகதியாய்ப் பதிந்தவன் ஊருக்கு வர ஏலாது. அவள் அங்கே போவதென்றால் கல்யாணப் பதிவு காட்ட வேண்டும். பதிவு இருந்த கந்தோரோ அந்த ஆனி மாதமே எரிந்துபோனது. இரண்டு தரம் விண்ணப்பித்தும் விசா கிடைக்கவில்லை.

வழி சொன்னவன் ரிதா. பாரிஸ் உணவகக் குசினியில் நேசதுரையோடு பக்கத்தில் நின்று மீன் வெட்டுகிற துனீசியாக்காரன். “உனக்கு அங்கே போக ஏலாது, அவளுக்கு இங்கே வர ஏலாது. ரெண்டு பேரும் என்ர ஊருக்குப் போங்கோவன்” என்று ஒருநாள் செதில் உரித்துக்கொண்டே சொன்னான். பிரெஞ்சுக்காரர் வெயில் காயக் கூட்டம் கூட்டமாகப் போகிற ஊர் அது. விடுதியோடு சேர்த்து மலிவாகப் பயணச்சீட்டு கிடைக்கும். ரிதாவின் தங்கை ஸொஹ்ரா அங்கிருந்து அழைப்புக் கடிதம் எழுதினாள். யோகமலரின் கடவுச்சீட்டு டில்லிக்குப் போய், நாலு மாதம் கழித்து முத்திரையோடு திரும்பி வந்தது.

விஷயம் அக்கா ஞானமணிக்கு மட்டும்தான் தெரியும். உப்புவெளியில் அக்கா வீட்டில்தான் யோகமலர் இருந்தாள்.

“ஒருத்தரிட்டயும் மூச்சு விடாத” என்றாள் அக்கா. “வெளிநாடு எண்டு தெரிஞ்சால் சென்றிக்குச் சென்றி ஆமி மறிச்சுக் கேள்வி கேப்பாங்கள். ஊர்ச்சனம் அதுக்கு மேல.”

சொல்லிக்கொண்டே கறித்தூளை மூன்று பொலித்தீன் பையில் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை கட்டினாள். அந்த மனுசன் ஒன்பது வரியமாய் என்னத்தைத் தின்றதோ என்று அவளுக்குக் கவலை.

துனிஸ் விமான நிலையத்தில் யோகமலர் வெளியே வந்தபோது, ‘யோகமலர்’ என்று தமிழில் எழுதிய மட்டையைப் பிடித்தபடி தலை வழுக்கையான ஒருவர் நின்றார். நேசதுரை அனுப்பிய படங்களில் எல்லாம் தொப்பி போட்டிருந்தான். அதனால் இது அவன் அனுப்பிய ஆள் என்றே நினைத்தாள்.

“அவர் வரேல்லையோ?” என்று கேட்டாள்.

“வந்துதான் நிக்கிறார்” என்றார் அந்த மனிதர்.

குரல்தான் காட்டிக் கொடுத்தது. ஒன்பது வருஷம் காதுக்குள் கேட்ட குரல். அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. அவனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை நீட்டினான். அவளும் கை கொடுத்தாள். கச்சேரிக்கு வந்த வெளிநாட்டு அதிகாரியோடு கை குலுக்குவதுபோல இருந்தது.

“பயணம் எப்பிடி? களைச்சுப் போனீங்களோ?” என்றான் நேசதுரை.

“இல்லை, பரவாயில்லை. நீங்கள் எப்ப வந்தனீங்கள்?”

“காலமை வந்தனான்.”

ஆள் சேர்த்து மஹ்தியாவுக்குப் போகிற வாடகை வானில் ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், அவரிடமே ‘அவர் வரேல்லையோ’ என்று கேட்டோம் என்பது யோகமலருக்கு முழுதாக உறைத்தது. சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். சிரிப்பு மூக்கால் வந்தது. அவனும் தொடங்கினான். முன்னால் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்து, ஏன் என்று தெரியாமலே அவரும் சிரித்து, பையிலிருந்து இரண்டு தோடம்பழம் எடுத்து நீட்டினார். மூன்று மணித்தியாலப் பயணம். ஒலிவ் மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. அவை என்ன மரம் என்று அவள் கேட்கவே இல்லை. வாய் திறந்தால் மறுபடி சிரிப்பு வந்துவிடும் என்று பயம்.

விடுதி கடற்கரையிலேயே இருந்தது. வரவேற்பு மேசைப் பெண் இரண்டு பேருடைய பத்திரங்களையும் வாங்கிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். யோகமலரின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர். அவனுடைய பத்திரத்தில் வேறு பெயர். கல்யாணப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டாள். எரிந்த கதையை நேசதுரை தன் குசினிப் பிரெஞ்சில் சொன்னான். யோகமலர் கைப்பையிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் படத்தில் இருந்த அடர்ந்த தலைமயிரையும் எதிரே நின்ற மண்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் நம்புறன். மனேச்சருக்குத்தான் தாள் வேணும்” என்று சொல்லி, இரண்டு அறைகளின் திறப்புகளை மேசையில் வைத்தாள். ஒன்று முதலாம் மாடி, மற்றது மூன்றாம் மாடி.

இரண்டு பேரும் ஆளுக்கொரு திறப்போடு முன்மண்டபக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள்.

“நான் மேல நிண்டு கை காட்டுறன்” என்றான் நேசதுரை. “கீழ நீங்கள் வெளியில வந்து பாருங்கோ.”

“ஓம், கடிதமும் போடுங்கோ” என்றாள் யோகமலர்.

கடைசியில் நேசதுரை ஸொஹ்ராவுக்குத் தொலைபேசி எடுத்தான். இருபது நிமிஷத்தில் அவள் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும், பருத்த உடம்பு, முழங்கை வரை கோதுமை மா. மனேச்சரைக் கூப்பிட்டு அரபியில் பேசினாள். பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்பது அவள் கை ஆட்டிய விதத்திலேயே விளங்கியது. மனேச்சர் தலையை ஆட்டினாரே தவிர மசியவில்லை. சாப்பாட்டுக்கும் கடற்கரைக்கும் தாராளமாக வரலாம், அறை மட்டும் இரண்டுதான் என்றார். ஸொஹ்ரா இரண்டு திறப்புகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, யோகமலரின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பழைய ஊர் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நாக்கில் இருந்தது. நுனியில் ஒரு கோட்டை. “எங்கட பிரெட்ரிக் கோட்டை மாதிரியெல்லோ” என்றாள் யோகமலர். ஸொஹ்ராவின் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை அடித்த ஒரு அறை இருந்தது. கதவைத் திறந்தால் மூன்று பக்கமும் கடல். ஸொஹ்ரா பெட்டியை வைத்தாள், படுக்கையைத் தட்டிப் பார்த்தாள், கதவைச் சாத்திவிட்டுக் கீழே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ‘நீங்கள்’ போய், ‘நீ’ வந்துவிட்டது. அவன் பக்கத்தில் மட்டும்தான். அவள் கடைசிவரை ‘நீங்கள்’தான்.

அன்று கடைத்தெருப் பக்கம் போனபோது மூலையில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். யோகமலர் பேச்சை நிறுத்தினாள். நடை தானாகக் குறைந்தது. கை தானாகப் பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தது. நேராகப் போய் அவர் முன்னால் நீட்டினாள். பொலிஸ்காரர் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, சலூட் அடித்து, நல்வரவு என்று பிரெஞ்சில் சொன்னார்.

“ஏன் குடுத்தனீ?” என்றான் நேசதுரை, மூச்சுத் திணறச் சிரித்தபடி.

“நிண்டாரெல்லோ” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு எந்தச் சந்தியிலும் அவளை ஒருவரும் மறிக்கவில்லை. அடுத்த நாள் அவள் பையை வீட்டில் விட்டுவிட்டே வெளிக்கிட்டாள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வீசிக்கொண்டு நடந்தாள்.

கடலில் இறங்கியதும் அப்படித்தான். நிலாவெளிப் பெண், ஆனால் ஒன்பது வருஷமாக முழங்காலுக்கு மேல் கடல் நனையவில்லை. ஊர்க்கரையில் முள்ளுக்கம்பியும் காவலரணும். இங்கே விடுதிக்கு முன்னால் பிரெஞ்சுக்காரிகள் துண்டுத் துணியோடு கிடந்தார்கள். கொஞ்சம் தள்ளி, ஊர்ப் பெண்கள் உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் நின்றார்கள். ஸொஹ்ரா பஞ்சாபி உடுப்போடு நின்ற யோகமலரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே போனாள். ஏழெட்டுப் பேர் கைகோத்து நின்று, அலை வரும்போது ஒன்றாக எழும்பிக் குதித்தார்கள். தண்ணீர் குளிர்ந்தது. வாய்க்குள் போன உப்பு நாக்கைச் சுட்டது.

“எங்கட கடலைவிட உப்புக் கூட” என்று கரையைப் பார்த்துக் கத்தினாள்.

கரையில் காற்சட்டையை மடித்துவிட்டு நின்ற நேசதுரை காதில் கையை வைத்தான். அவள் மறுபடி கத்தினாள். அதற்குள் அடுத்த அலை வந்து அவளைப் புரட்டியது. எழும்பியபோது சால்வை போய்விட்டது, செருப்பும் ஒன்று போய்விட்டது. அவளுக்கு ஒரு கவலையும் வரவில்லை.

சாப்பாடு வேறு கதை. விடுதியில் ஐம்பது வகைக் கறி வைத்திருந்தார்கள். ஒன்றிலும் உறைப்பு இல்லை. ஸொஹ்ரா வீட்டில்தான் அவள் சாப்பிட்டாள். குறுணிபோல ஆவியில் அவித்த குஸ்குஸ், மேலே பெரிய களவாய் மீன் துண்டு. பக்கத்தில் சிறு கிண்ணத்தில் ஹரிசா என்ற செத்தல்மிளகாய் விழுது. கவனம், நெருப்பு என்று ஸொஹ்ரா கையால் காட்டினாள். யோகமலர் ஒரு கரண்டி அள்ளிக் குஸ்குஸில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கரண்டி எடுத்தாள். ஸொஹ்ரா போய்ப் பக்கத்து வீட்டாரைக் கூட்டி வந்தாள். அவர்கள் முன்னால் மூன்றாவது கரண்டியும் போனது. முட்டையை மெல்லிய மா உறைக்குள் வைத்துப் பொரித்த ‘பிரிக்’கில்தான் அவள் தோற்றாள். கடித்ததும் மஞ்சள் கரு நாடி வழியாக ஓடியது. நேசதுரை ஒரு சொட்டுச் சிந்தாமல் தின்று காட்டினான்.

நாலாம் நாள் அவன் சமைத்தான். நிலாவெளியில் தண்ணீர் கொதிக்க வைக்கத் தெரியாத ஆள் அவன். துறைமுகச் சந்தையில் மீனை வாங்கி வந்து, குசினியில் சேட்டுக் கையை மடித்து, வெங்காயத்தைப் பலகையில் வைத்தான். கத்தி எங்கே போகிறது என்றே தெரியவில்லை. வெங்காயம் அப்படியே முழுசாக இருந்தது. விரலால் தட்டினான், தாள் தாளாகச் சரிந்தது. யோகமலர் கதவுநிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டி வைத்த மாப்பிள்ளை, கடிதத்தில் வந்த புருஷன் எல்லாரும் போய், இந்த மனிதன்மீது அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது அந்த நேரத்தில்தான். அதைப் பிறகு அக்காவுக்குச் சொல்லப் பார்த்தாள். வெங்காயம் வெட்டினதுக்கோ என்று அக்கா கேட்டாள்.

அக்காவின் கறித்தூள் போட்டு வைத்த மீன்குழம்பை ஸொஹ்ரா பாணைக் கிழித்துத் துடைத்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து எழும்பியவள், அலுமாரியைத் திறந்து ஒரு துணிப்பொதியை எடுத்து வந்தாள். அவளுடைய கல்யாணப் பட்டு. மஹ்தியாவில் தறியில் நெய்தது, சரிகை கனத்தில் தனியே நிற்கும். உங்களிடம்தான் தாள் இல்லையே, படமாவது எடுங்கள் என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து யோகமலருக்கு அதை உடுத்தி, நெற்றியில் பொன் வில்லைகளைத் தொங்கவிட்டார்கள். நேசதுரைக்கு நீண்ட வெள்ளை அங்கியும் சிவப்புத் தொப்பியும். தெருவில் படப்பிடிப்புக்காரர் கடைவரை நடத்திக்கொண்டு போனார்கள். வழி முழுக்கப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். தங்கள் சொந்தக் கல்யாணத்திலே இவ்வளவு சனம் சிரித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. முதல் நான்கு படத்திலும் இரண்டு பேரும் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதுதான் சரியாக வந்தது.

எட்டாம் நாள் விமான நிலையத்தில் இரண்டு பேரும் கை குலுக்கவில்லை. அவள் உள்ளே போன பிறகும் அவன் கண்ணாடிக்கு வெளியே வெகுநேரம் நின்றான். தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினான். அழுகையும் சிரிப்புமாக அவள் விமானம் ஏறினாள்.

ஆடி மாதம், கச்சேரியில் தட்டெழுத்துப் பொறிக்கு முன்னால் இருந்தவளுக்கு வயிற்றைப் புரட்டியது. மூன்று நாள் தொடர்ந்து எழும்பி ஓடினாள். நாலாம் நாள், பக்கத்து மேசை நல்லம்மா மெதுவாகக் கேட்டாள்:

“கண் இப்ப எப்பிடி?”

கொழும்புக்குக் கண் காட்டப் போனவள் பிள்ளைத்தாச்சியாகி வந்தாள் என்ற கதை கச்சேரியிலிருந்து உப்புவெளி வரை இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தது. ஞானமணி அக்கா வேலியோரம் நின்று கதைப்பவர்களை முறைத்தே வாயை மூட வைத்தாள். யோகமலருக்கோ வெட்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. யார் எப்படிப் பார்த்தாலும் சிரிப்புத்தான் வந்தது.

கிளினிக்கில் அட்டை எழுதியவர் முஸ்லிம் ஊரான கிண்ணியாவைச் சேர்ந்த மிட்வைஃப் சித்தி பரீதா. கண்டிப்பான பெண்.

“கணவர் எங்க?”

“பிரான்சில.”

“எப்ப போனவர்?”

“தொண்ணூறில.”

சித்தி பரீதா பேனாவைக் கீழே வைத்தார். யோகமலர் மஹ்தியாப் படத்தை எடுத்து மேசையில் வைத்து, முழுக் கதையையும் சொன்னாள். இரண்டு திறப்பு வரை வந்தபோது சித்தி பரீதாவின் உதடு துடித்தது. பொலிஸ்காரர் கதை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“தொப்பியோட பாக்க எங்கட கிண்ணியா மாப்பிள்ளை மாதிரியே இருக்கார்” என்று சொல்லிவிட்டு, அட்டையில் தகப்பன் பெயரை எழுதினார். மாசியில் பெண்பிள்ளை பிறந்ததும், காலம் கடந்து மறுபடி கல்யாணத்தைப் பதிந்து மூன்றாம் தரம் விண்ணப்பித்துத் தாயும் மகளும் பாரிஸ் போனதும் பிந்திய சங்கதிகள்.

அன்று கிளினிக்கிலிருந்து நேரே டைக் வீதிக்குப் போனாள். ஸஹாப்தீன் நானாவின் கொமினிகேஷன் கடையில் ஒட்டுப்பலகையால் மறைத்த ஒரு தொலைபேசிக் கூடு உண்டு. உள்ளே பேசுவது வெளியே எல்லாருக்கும் கேட்கும். வெளியே ஆறு பேர் இருந்தார்கள். பாரிஸ் உணவகத்தில் காலைச் சமையல் நடக்கும் நேரம். ரிதாதான் எடுத்து நேசதுரையைக் கூப்பிட்டான்.

“என்ன இந்த நேரத்தில?” நேசதுரையின் குரலில் பயம் இருந்தது.

“ஒண்டுமில்லை. எனக்கு மூண்டாம் மாசம் நடக்குது.”

வெளியே ஆறு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். மறுபக்கத்தில் எண்ணெய் பொரியும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அவன் அங்கே யாருக்கோ பிரெஞ்சில் ஏதோ சொன்னான். குரல் உடைந்து பாதியில் நின்றது. ரிதா அதை உரக்கத் திருப்பிச் சொன்னான். உடனே யாரோ ஒரு சட்டியில் கரண்டியால் தாளம் போட்டார், பின் இன்னொருவர், பின் குசினி முழுக்கச் சட்டி, மூடி, தட்டு எல்லாம் அடிபடுகிற சத்தம். யோகமலர் கருவியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். சத்தம் கூட்டைத் தாண்டி வெளியே வந்தது.

“என்ன பிள்ளை, லைன் பிழையோ?” என்று ஸஹாப்தீன் நானா எட்டிப் பார்த்தார்.

“இல்லை நானா, லைன் நல்லா இருக்கு” என்றாள் யோகமலர். அவர்கள் அடித்து ஓயட்டும் என்று, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.