வெண்ணெய்ச் சந்தில் பிறந்த வீடு

1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இரண்டாம் வியாழக்கிழமை, விக்கன்போர்ன் ஊரின் வெண்ணெய்ச் சந்தில், வியாழச் சந்தையில் டார்காஸ் பில்ப்ரோ பாலாடைக்கட்டி விற்கும் மேசைக்கு அடியில் ஒரு வீடு பிறந்தது. ரொட்டிப் பெட்டி அளவுதான் இருந்தது. கறுத்த ஓக் சட்டங்கள், ஈரம் காயாத வெள்ளைப் பூச்சு, ஒரே ஒரு சன்னல், அதுவும் மூடியபடி. ஊரில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. சந்தின் இரு பக்கமும் நின்ற தானிய வணிகர் வீடும் கையுறைக்காரர் வீடும் முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மாடியை நீட்டி ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துகொண்டே வந்தவை. முந்தைய கோடையில் அவற்றின் கூரை முனைகள் உரசிக்கொண்டதை மீன்காரர் முதல் பாதிரியார் வரை எல்லோரும் பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் போயிருந்தார்கள்.

டார்காஸுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. சந்தையில் அவளோடு ஒருமுறையாவது சண்டை போடாதவர் அந்த ஊர்க்காரரே இல்லை என்று பேச்சு. மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்தவள், குளிரில் நடுங்கிய அந்தச் சிறு கூரையின் மேல் தன் கம்பளிச் சால்வையைக் கழற்றிப் போட்டாள். பக்கத்துக் கடை மீன்காரர் எனாக் டிரிங் எட்டிப் பார்த்தார்.

"என்ன டார்காஸ், இந்த வயசுல புள்ளையா?"

"உன் மீனைவிட இது புதுசு. போய் வேலையப் பாரு."

ஒன்பதாம் நாள் சன்னல் திறந்தது. பாலாடைக்கட்டி திரண்டபின் மிஞ்சும் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து அவள் வாசற்படியில் ஊற்றுவாள், அது உறிஞ்சிக்கொள்ளும். மே மாதம் நாய்க்கூண்டு அளவானது, ஆகஸ்டில் கோழிக் கொட்டகை அளவு. இலையுதிர் காலத்தில், பால்பற்களைப் போல, கூரையின் பால் ஓடுகள் விழுந்து புதியவை முளைத்தன. அவள் குரல் கேட்டால் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். மறு வசந்தத்தில், மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை, டார்காஸ் குனிந்து உள்ளே நுழைந்து ஒரு முக்காலியில் அமர்ந்து தேநீர் குடித்தாள். யாரோடும் சண்டை போட வேண்டும் என்று தோன்றாத முதல் பிற்பகல் அது என்பதை வீடு திரும்பிய பிறகுதான் கவனித்தாள். இறைச்சிக்கடை மாடியில் அவள் இருபத்தாறு ஆண்டுகளாகக் குடியிருந்த அறையை வீடு என்று சொல்ல அன்றுமுதல் நாக்கு தயங்கியது.

நகர மன்றத்தின் அளவையாளர் அம்ப்ரோஸ் விட்லாக் வந்தது அந்த வாரம்தான். உருண்டைத் தொப்பி, அளவு நாடா, ஒல்லியான கால்கள்.

"ஏம்மா, இதை யார் கட்டினது?"

"கட்டல. பொறந்துச்சு."

"அனுமதி வாங்கினீங்களா?"

"பெத்ததுங்க ரெண்டும் அந்தா நிக்குதுங்க. அதுங்ககிட்டப் போய்க் கேளுங்க."

அவர் மூன்று முறை அளந்தார். மூன்றும் வேறு வேறாக வந்தன. நாடா பட்டபோதெல்லாம் கூச்சத்தில் சுவர் நெளிந்ததும் ஒரு காரணம். கண்டதைக் கண்டபடியே எழுதிக் கொடுத்தார். மன்றமோ, அனுமதியற்ற கட்டடம், சந்து வழியை மறிக்கிறது, ஜூன் முதல் வியாழனில் இடிக்கவும் என்று உத்தரவிட்டது.

அன்று சந்தை வழக்கத்தைவிட நிறைந்திருந்தது. டார்காஸ் வாசற்படியில் உட்கார்ந்து, பாலாடைக்கட்டி அறுக்கும் கம்பியை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு ஆட்களோடு இடிக்க வந்த மேஸ்திரி அவளைச் சுற்றிப் போய்ப் பின்சுவரை நோக்கிக் கடப்பாரையை ஓங்கினார். வீடு சிணுங்கியது. உடனே தானிய வணிகர் வீடு இடுப்பை வளைத்தது. பெயர்ப்பலகை தொங்கும் இரும்புக் கையை நீட்டி, மேஸ்திரியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, குதிரைகளுக்கான தண்ணீர்த் தொட்டியில் பதமாக உட்கார வைத்தது. எதிர்ப்புறம் கையுறைக்காரர் வீடு அத்தனை சன்னல்களையும் ஒரே நேரத்தில் அறைந்து சாத்தியது. மற்ற இரு ஆட்களும் கடப்பாரைகளைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள்.

"தண்ணி எப்படிண்ணே இருக்கு?" என்றார் எனாக், தொட்டிப் பக்கம் திரும்பி.

"சில்லுனு இருக்கு," என்றார் மேஸ்திரி. ஊரே சிரித்தது, டார்காஸைத் தவிர. அவள் இன்னும் கம்பியை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்தவர் விட்லாக் ஒருவர்தான். அடுத்த வாரம் இன்னும் நிறைய ஆட்கள் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார், முழந்தாளிட்டார், கதவுச் சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தடவினார். நிலைக்கு மேலே, கட்டைவிரல் அளவில், மரத்தோடு மரமாக 1593 என்று இருந்தது. யாரும் செதுக்கியதல்ல, தானிய வணிகர் வீட்டு நிலையில் இருக்கும் அதே எண், பிள்ளைக்குப் பிறவி மச்சமாக வந்திருந்தது.

"டார்காஸ் அம்மா, கம்பியைக் கீழ வைங்க, நாடாவைப் பிடிங்க," என்றார். "பழங்காலக் கட்டடத்துல சட்டப்படி யாரும் கை வைக்க முடியாது. தேதி போட்டிருக்கு, நான் பதிஞ்சிடறேன்."

"ஒரு வயசு வீட்டையா?"

"வயசு ஒண்ணு. தேதி வேற. படிவத்துல தேதிதான் கேக்குது."

மன்றம் எட்டு மாதம் விவாதித்து, படிவத்தில் பிழை இல்லை என்று ஒப்புக்கொண்டது. டார்காஸ் இறைச்சிக்கடை மாடியைக் காலி செய்தாள். வீடு வளர்ந்தபடியே இருந்தது. ஆறாம் வயதில் மாடி போட்டது, எட்டாம் வயதில், மாடி போட்ட அவசரத்தில் மறந்துபோன படிக்கட்டுக் கைப்பிடி முளைத்தது, பதினான்காம் வயதில் புகைபோக்கி வந்ததும் ஊர் எச்சரித்தும் கேளாமல் புகைக்கத் தொடங்கியது. பதிவேட்டைச் சரியாக வைத்திருக்க விட்லாக் வியாழன்தோறும் வந்து அளந்தார். ஓய்வு பெற்ற பிறகும் வந்தார். 1972இல் ஒரு வியாழன் அவர் உள்ளே நுழைந்தபோது, கதவருகே சுவரில், அவர் கை எட்டும் உயரத்தில், புதிதாக ஒரு தொப்பி ஆணி முளைத்திருந்தது.

"என்னைப் பாக்காதீங்க," என்றாள் டார்காஸ். "நான் ஒண்ணும் சொல்லல. அதுவா முளைச்சிருக்கு."

விட்லாக் நாடாவை எடுத்து ஆணியின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டார். பிறகு தொப்பியை மாட்டினார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை தபால்காரர் அவருக்கு வந்த கடிதங்களை, யாரையும் கேட்காமல், வெண்ணெய்ச் சந்து வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.