கோப்பைக்காக உறங்கியவர்

வின்சன்ட்டுக்கு அமெரிக்க ஃபுட்போல் பிடித்ததற்கு ஒரே காரணம், அது நித்திரைக்கு வாய்த்த விளையாட்டு. விழுவார்கள், எழும்புவார்கள், கூடி நின்று கதைப்பார்கள், விசில் ஊதும், திரும்பவும் விழுவார்கள். ஞாயிறு இரவு முழுக்க வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துவிட்டு, திங்கள் காலை நேரே கிடங்குக்குப் பெட்டி ஏற்ற வருகிற மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

செப்ரெம்பரில் ஒரு திங்கள், தேநீர் அறைக் கதிரையில் உட்கார்ந்தபடியே அவர் வாய் பிளந்து உறங்கிக் கிடந்தபோது மேனேஜர் சேஷாத்ரி உள்ளே வந்தார். வின்சன்ட் பதறி எழும்பப் பார்த்தார். மேனேஜரின் கண்ணோ தொலைக்காட்சியில் இருந்தது. அமெரிக்காவில் ஞாயிறு நடக்கிற ஆட்டம் இங்கே திங்கள் காலையில்தான் ஓடும். அமெரிக்காவில் படித்த காலத்திலிருந்து அவர் கட்டிக்கொண்டு அழுகிற பச்சைச் சட்டை அணி, வழக்கமாகத் தோற்கிற அணி, அன்று வென்றுகொண்டிருந்தது. சென்னையில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர் அவர். நம்ம ஆள் அடித்து ஆடும்போது வீட்டில் ஒருவரும் இருந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது என்பது அங்கே சட்டம்.

"அப்படியே தூங்குங்க அண்ணா. அசைஞ்சிடாதீங்க."

அடுத்த கிழமை வின்சன்ட் பெட்டி ஏற்றினார். பச்சைச் சட்டை தோற்றது. வழக்கு அதோடு முடிந்தது. பிறகு திங்கள் என்றால் அவருக்குக் கதிரைதான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற றொமேஷ், இந்த உத்தியோகத்துக்கு எங்கே விண்ணப்பிக்கிறது என்று கேட்டுக் கேட்டே வயிறெரிந்தான்.

ஆனால் கண் உறங்கினாலும் காது உறங்குமா? மேனேஜரின் புலம்பல் எல்லாம் உள்ளே இறங்கியது. நத்தார்ப் பண்டிகை வரமுன்னமே யாருக்கு எறிய வரும், யாருக்கு முழங்கால் நோ என்பதெல்லாம் வின்சன்ட்டுக்குப் பாடமாகிவிட்டது.

"ஆரப்பா அந்த முழங்கால்காரன்?" என்று மனைவி அன்னமலர் கேட்டாள். "நித்திரையில அவனுக்காக மாதாவைக் கூப்பிடுறியள்."

பெப்ரவரித் திங்களில் இறுதிப் போட்டி. சேஷாத்ரி கெல்லிவில் வீட்டிலிருந்து தலையணையே கொண்டுவந்தார். வின்சன்ட் சாய்ந்தார், கண்ணை மூடினார். நித்திரை வரவில்லை. முழங்கால்காரன் இன்றைக்கு ஓடுவானா என்று நெஞ்சு அடித்தது. நித்திரை போனால் கதிரை போகும், கதிரை போனால் திங்களும் பெட்டிதான். ஆகவே பொய்யாகக் குறட்டை விட்டார். ஒவ்வொரு குறட்டைக்கும் மேனேஜர் கும்பிட்டார்.

கடைசி நிமிடம். பச்சைச் சட்டை பின்தங்கி நின்றது. பந்து ஆகாயத்தில், கீழே நொண்டி நொண்டி முழங்கால்காரன்.

"பிடியடா மகனே!"

தலையணை ஒரு மூலையில், வின்சன்ட் நடு அறையில். பந்து அவன் கையில். கோப்பை பச்சைச் சட்டைக்கு.

ஆடிக்கொண்டிருந்த சேஷாத்ரி சட்டென்று நின்று திரும்பினார். வின்சன்ட் ஓடிப்போய்க் கதிரையில் விழுந்து இன்னொரு குறட்டை விட்டார்.

"நடிக்காதீங்க அண்ணா. நீங்க எழுந்ததாலதான் அவன் பிடிச்சான்." சேஷாத்ரி குனிந்து அவர் தோளைத் தட்டினார். "அடுத்த சீசன் பூரா நின்னுக்கிட்டே பாக்குறீங்க. எல்லா மேட்சும்."

சொன்ன கையோடு அவரை எழுப்பிவிட்டு, கதிரையைத் தூக்கி வாசலில் நின்ற றொமேஷிடம் கொடுத்தார்.

வின்சன்ட் போகிற கதிரையைப் பார்த்தார். திரையில் முழங்கால்காரன் கோப்பையைக் கொஞ்சிக்கொண்டிருந்தான்.

"சுவரில சாய்ஞ்சு நிண்டால் போதாதோ, சேர்?"