தகரத் தளபதிக்குக் காது கேட்காது

"மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்தாச்சு. இதுக்கு மேல இழுத்தா முதுகெலும்பு முன்பக்கமா வந்துடும்."

"வந்தா அதையும் உள்ள தள்ளி மாட்டிடுறேன். ஆடாம நில்லுங்க."

மனைவி முழங்காலை அவன் முதுகில் கொடுத்து, கம்பியால் தகரச் சட்டையின் கடைசிக் கொக்கியையும் இழுத்து மாட்டினாள். மருந்துக் கம்பெனி ஸ்டோர் வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்கு வந்த அவள் கணவன், தகரத் தளபதி ஆனான். கொக்கியெல்லாம் முதுகுப் பக்கம். கேமராவுக்குத் தெரியக்கூடாது என்று டைரக்டர் சொன்னதால் அவளே அப்படித் தைத்துக் கொடுத்தாள். உள்ளே போனவன் வெளியே வர அவளுடைய கம்பி வேண்டும். கம்பி அவள் கைப்பையில்.

"நானும் அண்ணனும் நீங்க நடிச்ச படத்தைப் பார்க்கப் போறோம். ஞாபகம் இருக்குல்ல? ஜனங்க சிரிச்சா அடுத்த படத்துக்குப் போங்க, நான் குறுக்க நிக்கல. இல்லேன்னா திங்கக்கிழமை அண்ணன்கிட்ட டயர் குடோன் சாவியை வாங்கிக்கிட்டு அங்க வேலைக்குப் போங்க."

அவன் தலையாட்டினான். அந்தத் தலைமேல் தகரத் தலைக்கூட்டைக் கவிழ்த்து மேல் கொக்கிகளையும் மாட்டினாள்.

ஒன்றை மட்டும் அவன் அவளிடம் சொல்லவில்லை. தகரம் காதை அறுக்காமல் இருக்க, தலைக்கூட்டுக்குள் இரண்டு பக்கமும் அவள் ஸ்பாஞ்சு வைத்திருந்தாள். அது இருந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. நேற்று வியர்வை நாற்றம் தாங்காமல் அவளே அலசிக் கொடியில் போட்டாள். காலை அவசரத்தில் அதை எடுத்து வைக்க மறந்தும் போனாள். ஜனங்கள் பேசுவதைக் கேட்க இதைவிட நல்ல வழி ஏது என்று அவன் வாயை மூடிக்கொண்டான்.

தியேட்டர் முன்கூடத்தில், பாப்கார்ன் மெஷினுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் விளம்பரத்துக்காக நிற்க வைத்தார்கள். பொம்மை மாதிரி நிற்க வேண்டும், பேசக்கூடாது என்பது டைரக்டர் உத்தரவு. கையில் அட்டை டோக்கன். படத்தின் கதையே அந்த டோக்கன்தான். பூமியைப் பிடிக்க வரும் வேற்றுக்கிரகத் தளபதியை ஒரு அரசு அலுவலகத்தில், "பிடிக்கலாம் சார், டோக்கன் வாங்கிட்டு உட்காருங்க" என்பார்கள். கடைசிவரை அவன் நம்பர் வராது.

மூக்கு அரித்தது. சொறிய முடியாது. வியர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணுக்குள் போனது. துடைக்க முடியாது. உட்காரவும் முடியாது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் ஒன்று வந்தது, அது முடிவதற்குள் ஒரு விசில், அதைத் தொடர்ந்து, "நிறுத்துங்கப்பா!" என்று ஒரு குரல். சுவருக்கு அந்தப் பக்கம் தன் தலையெழுத்தை வாசிக்கிறார்கள், பாதிதான் கேட்கிறது என்று அவனுக்கு இருந்தது.

காட்சி முடிந்து கதவு திறந்தது.

"வயிறு வலிக்குதுடி, பேசாம வா!"

"எனக்குத் தலை வலிக்குது. இதுக்கா ஆபீஸுக்கு லீவு போட வச்ச?"

மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் அவன் முன்னால் நின்று, குற்றவாளியைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார். "நான் பௌதிகம் சொல்லிக் குடுக்கிறவன். விண்வெளியில சத்தமே கேக்காது. இவனுங்க விண்கலத்துல சைக்கிள் மணி அடிக்குது!"

"அதாங்க ஜோக்கு," என்றாள் அவர் மனைவி.

"தப்பு எப்படிடி ஜோக்காகும்?"

"ஏன் ஆகாது? உங்களைப் பார்த்து நான் தினம் சிரிக்கலையா?"

தளபதிக்குள்ளே உயிர் வந்தது. உடனே பின்னால் ஒருவன் அதைப் பறித்தான். "படம்னா ஒரு முடிவு வேணாமா? கடைசிவரைக்கும் அவன் நம்பரே வரல."

"நீ போன மாசம் தாலுகா ஆபீஸ்ல போய் நின்னியே, உனக்கு மட்டும் வந்துச்சா?" என்றான் கூட வந்தவன்.

"அந்த வயித்தெரிச்சலை மறக்கத்தானடா சினிமாவுக்கு வந்தேன்!"

ஒரு பாட்டுக்கு எழுந்து போகலாம், இதில் பாட்டும் இல்லை என்றது ஒரு குரல். இன்னொரு தரம் பார்க்கலாமா என்றது வேறொரு குரல். தராசு முள் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் யாராவது வந்து தொங்கினார்கள். யாரோ அவன் நெஞ்சில் டொக்டொக்கென்று தட்டினார்கள். "உள்ள ஆள் இருக்காடா?" "காலி டப்பாடா, வா."

கூட்டம் வடிந்த பிறகு மனைவி வந்தாள். பின்னால் அவள் அண்ணன். குடோனில் லாரிக்காரர்களை ஒரு முறைப்பில் அடக்குகிற மனிதர், கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு வந்தார்.

"கண்ணு ஏன்ணா சிவந்திருக்கு?"

"ஏசிக் காத்து."

"எனக்கும் அதே ஏசிதானே?"

"சரி சரி, சிரிச்சேன். நாற்காலியில மாட்டிக்கிட்டு அதோடயே எழுந்திரிச்சு ஆபீசருக்கு சல்யூட் அடிக்கிறான் பாரு, பக்கத்து சீட்டுக்காரன் மடியிலயே சரிஞ்சுட்டேன். மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதே!"

"அவர் இதோ நிக்கிறார்."

"ஐயையோ!"

"கேக்காதுண்ணா. காதுல ஸ்பாஞ்சு இருக்கு."

அண்ணன் தகரக் காதருகே குனிந்தார். "யோவ் தகரடப்பா!" தளபதி அசையவில்லை. அண்ணனுக்கு நிம்மதி. "நான் சிரிச்சது தெரிஞ்சா இதை விட்டு இவன் வெளிய வரமாட்டான். குடோனுக்கு எனக்கு நம்பிக்கையான ஆள் வேணும். உனக்கும் மாசாமாசம் அடுப்பெரியணும். படம் சுமார்னு சொல்லிடுவோம். நீயும் சிரிச்சேன்னு ஒளறிடாதே."

"நான் சிரிக்கலையே."

"ஒரு தடவைகூடவா? மாடிப்படியில உருண்டானே, தியேட்டரே உருண்டுச்சே!"

"எல்லாருக்கும் தகரம் உருளுது. எனக்கு அவர் உருள்றார்," என்றாள். "ஒரு நாள் முழங்கால் வீங்கி வந்தார். 'என்னங்க'ன்னா, 'சும்மா உட்கார்ந்தே இருந்தேன், ரத்தம் கட்டிக்கிச்சு'ன்னார். உட்கார்ந்த லட்சணத்தை இன்னிக்குத்தானே பார்க்கிறேன். நான் தச்ச சட்டைக்குள்ள அவரைப் போட்டுப் பூட்டி அனுப்பிட்டு, வீட்ல சாம்பாருக்கு உப்புப் பார்த்துட்டு இருந்திருக்கேன்."

தகரத்துக்குள்ளே அவன் கண் கலங்கியது. வியர்வையா அதுவா என்று பிரித்துத் துடைக்கவும் வழியில்லை. கேட்டிருக்கவே வேண்டாம். கேட்டதைக் கேட்காததாக்கவும் முடியாது, இருக்கிற இடத்தைவிட்டு நகரவும் முடியாது.

அவள் பின்னால் வந்து மேல் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தலைக்கூட்டை முகம் தெரியும் அளவுக்குத் தூக்கினாள். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"பார்த்தேன் மாப்ள. குறை சொல்றேன்னு நினைக்காத. சுமார்தான். ஜனங்களுக்கு அவ்வளவா ஒட்டல."

தளபதி தோள் அசையாமல் கழுத்தை மட்டும் மெல்ல, மிக மெல்லத் திருப்பினான். கையிலிருந்த டோக்கனைப் பார்த்தான். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். பிறகு படத்தில் ஆபீசரை நிமிர்ந்து பார்ப்பதுபோல் அண்ணனை நிமிர்ந்து பார்த்தான்.

அண்ணன் உதட்டைக் கடித்தார். மீசை துடித்தது. பாப்கார்ன் மெஷினைப் பிடித்துக்கொண்டு, "போடா டேய்... போடா..." என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் சிரிக்கவில்லை. கையில் கம்பியோடு நின்றாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "அக்கா, ஏன் கழட்டுறீங்க? அடுத்த ஷோவுக்கு ஆள் வந்தாச்சு. சீக்கிரம் மாட்டுங்க."

"பாதிப்பேர் சிரிச்சாங்க, பாதிப்பேர் திட்டினாங்க," என்று அவள் கணவன் முதுகிடம் சொன்னாள். "ஜனங்க சொல்லட்டும்னேன். ஜனங்க ஒண்ணாச் சொல்லல. நீங்களே சொல்லுங்க. மாட்டவா, கழட்டவா?"

"மாட்டு."

அவள் கை உடனே எழவில்லை.

"வீட்டுக் கொடியில ஸ்பாஞ்சு காயுது," என்றான் அவன், முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடியே. "அது இனிமே காதுக்கு வேணாம். முழங்காலுக்கு வச்சுத் தைச்சுக் குடு."

"அப்போ... எல்லாம் கேட்டுச்சா?"

"'யோவ் தகரடப்பா' உட்பட எல்லாம் கேட்டுச்சு."

தரையில் உட்கார்ந்திருந்த அண்ணனின் சிரிப்பு பட்டென்று நின்றது. "மாப்ள..."

"சாவியை வேற யாருக்காவது குடுங்க மச்சான்."

வாசல் பக்கம் புதுக் கூட்டத்தின் சத்தம் கேட்டது. அவள் தலைக்கூட்டை இறக்கினாள். சற்று நேரம் அந்தத் தகர முதுகில் உள்ளங்கையை வைத்திருந்தாள். பிறகு முழங்காலைக் கொடுத்தாள்.

"மூச்சை உள்ள இழுங்க."