பொன்னாடைக்குள் எழுத்தாளர்

அரியலூர் பக்கம் புதுசாகத் தோண்டப்போகும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். சுரங்கம் வந்தால் ரெங்கம்மாளின் வெங்காயக் கொல்லைக் கிணறு வற்றிப்போகும். "நான் சொன்னா யாரு கேக்குறா? நீ எழுத்தாளரு, நீ சொன்னா பேப்பர்ல வரும்" என்று அவள்தான் நர்மதாவை மேடையேற்றினாள்.

"இந்தச் சுரங்கம் வந்தா…" என்று நர்மதா தொடங்கியதுமே கம்பெனி மேனேஜர் ஓடிவந்து, "எங்க மண்ணின் அறிவுச்சுடரே!" என்று பொன்னாடை போர்த்தினார்.

கும்பிட்டுவிட்டு மறுபடி தொடங்கினாள். "ரெங்கம்மாக்கா கிணறு…" வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒரு பொன்னாடை. போர்த்த வருகிறவரைத் தடுத்தால் அவமரியாதை. கும்பிட்டால் பேச்சு அறுந்துபோகிறது. கட்சிக்கு ஒன்று, மன்றத்துக்கு ஒன்று என்று குவிந்ததில் வாயும் மைக்கும் ஜரிகைக்குள் போய்விட்டன.

"எழுத்தாளரம்மா கருத்து சொல்லிட்டாங்க, அடுத்த ஆளு வாங்க" என்றார் அதிகாரி.

"எங்க சொல்லிச்சு? மூச்சு வுடுற சத்தந்தான் கேட்டுச்சு!" ரெங்கம்மாள் விறுவிறுவென்று மேடையேறினாள்.

"நீங்களும் பொன்னாடையாக்கா?" என்றது குவியலுக்குள்ளிருந்து குரல்.

"அட போடி, உரிக்க வந்திருக்கேன்."

வெங்காயச் சருகு உரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக உரித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அதற்குள் மேனேஜர் இன்னொரு பொன்னாடையோடு வந்துவிட்டார். ரெங்கம்மாள் நர்மதாவுக்கு முன்னால் போய் நின்று தலையைக் குனிந்தாள்.

"எனக்குப் போடுங்க சார், எத்தனை வேணாலும் போடுங்க. நர்மதா, நீ பின்னாடி நின்னு பேசு."

நர்மதா கிணற்றிலிருந்து தொடங்கினாள்.